டிபியும் மனசும்: காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாத்திரை எத்தனை, எந்நேரம் போடுவது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். அங்கே கேட்கக் கூச்சப்பட்டு, வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்று மெதுவாகக் கேட்பவைதான் இங்கே இருக்கின்றன. கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, சீர்காழி பக்கத்து நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை. கேள்விகளைப் பேச்சு நடையிலேயே விட்டிருக்கிறேன். இன்னார் என்று தெரியக்கூடிய எதையும் வைக்கவில்லை.

டிபின்னு தெரிஞ்சதுலேர்ந்து வீட்ல தட்டு, டம்ளர், பாய் எல்லாத்தையும் எனக்குத் தனியா வெச்சுட்டாங்க. நல்லதுக்குத்தானே?

இல்லை, அதனால் யாருக்கும் ஒரு பாதுகாப்பும் கிடைக்காது. காசநோய்க் கிருமி காற்று வழியாகப் பரவுவது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. அடைத்த அறையில் நெடுநேரம் கூட இருப்பவர் அதை மூச்சில் இழுத்தால் தொற்றலாம். தட்டு, டம்ளர், ஒரே பானைச் சோறு, பாய், துணி, கையைப் பிடிப்பது, ஒரே கக்கூஸ் எதனாலும் பரவாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டாருக்கு அதிக ஆபத்து இருந்தது நோய் என்னவென்றே தெரியாமல் மெடிக்கல் ஷாப்பில் இருமல் டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த அந்த வாரங்களில்தான். அப்போது எல்லாரும் ஒன்றாகப் படுத்தார்கள், ஒன்றாக டிவி பார்த்தார்கள். நோய் தெரிந்து, மாத்திரை உள்ளே போய், கிருமி அடங்கத் தொடங்கிய பிறகு டம்ளரைப் பிரிக்கிறார்கள்.

தனி டம்ளர் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சாதிக்காகக் கையில் வைத்திருந்த பழக்கம் நோய் என்றதும் தானாக வந்து நிற்கிறது. அது உடம்பைக் காப்பாற்றப் பிறந்த பழக்கம் அல்ல.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இருமும்போது துண்டாலோ மாஸ்க்காலோ வாயை மூடுங்கள். கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். சளியை மூடியுள்ள டப்பாவில் துப்பி, எரித்துவிடுங்கள் அல்லது புதைத்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் குழந்தைகளோடு ஒரே அறையில் படுக்காதீர்கள். வீட்டில் எல்லாரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கும் தடுப்பு மாத்திரை தருகிறார்கள், அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

எத்தனை நாள் வரைக்கும் அடுத்தவங்களுக்குப் பரவும்?

மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண டிபியில், சரியான மாத்திரையை நாள் தவறாமல் போட்டால் ஏறத்தாழ 2 வாரத்தில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். மருந்துக்கு மசியாத டிபி என்றால் டாக்டர் சொல்லும் வரை பொறுங்கள். கழுத்துக் கட்டி, எலும்பு, வயிறு போன்ற இடங்களில் மட்டும் டிபி இருந்து நுரையீரலில் இல்லையென்றால் பொதுவாக அது பிறருக்குப் பரவாது. கழுத்துக் கட்டிக்காகப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய வீடுகள் உண்டு. தேவையே இல்லாத வேலை.

அப்பாவுக்கு மாட்டுக்கொட்டாய்ல கட்டில் போட்டுக் குடுத்திருக்கோம். காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்.

காற்றோட்டம் நல்லதுதான். ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு நாலு பேர் படுக்கும் அறையைவிட, முதல் இரண்டு வாரத்துக்குக் கீற்றுக் கொட்டகை மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவர் எங்கே உட்காருகிறார்? சோற்றை யாராவது கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்களா, இல்லை வாசற்படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்களா? மூன்று மாதம் கழித்தும் கட்டில் அங்கேயே கிடந்தால் அது காற்றுக்காக இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

நோயாளியை வீட்டைவிட்டுப் பிரித்து வைப்பது ஒரு காலத்தில் வைத்தியமே சொன்ன வழி. மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு இவற்றை நம்பி சானடோரியங்கள் கட்டினார்கள். தாம்பரத்தில் 1928இல் வந்தது. நம் பக்கத்தில் தஞ்சாவூர் தாண்டி செங்கிப்பட்டியில் இருந்தது. பெரியவர்களிடம் செங்கிப்பட்டி என்று சொன்னால் இன்னும் முகம் மாறும். அந்தப் பயம் அந்தக் காலத்தில் நியாயமானது.

அதை மாற்றியதும் நம் மாநிலம்தான். 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததுதான். ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்தில் வைத்தார்கள். இன்னொரு பகுதியினரை, நகரத்தின் நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே விட்டுவிட்டு அதே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. குணமானதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வந்துவிடவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். சென்னையில் நிரூபித்தது உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, நம் கொல்லைப்புறக் கொட்டகைக்குத்தான் இன்னும் வரவில்லை.

எதுலயும் மனசு போகல. யார்கிட்டயும் பேசப் பிடிக்கல. இது நோயாலயா, இல்ல நான்தான் தெம்பில்லாதவனா?

தெம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிபி உடம்பை உருக்கும்போது சோர்வு, பசியின்மை, தூக்கமின்மை, எடை குறைவு எல்லாம் வரும். மனச்சோர்வுக்கும் இதே அடையாளங்கள்தான். அதனால் ஆரம்பத்தில் எது எதனால் என்று டாக்டருக்கே பிரித்துப் பார்ப்பது கடினம். மாத்திரை தொடங்கி ஒன்றிரண்டு மாதத்தில் காய்ச்சல் நின்று, பசி திரும்பி, எடை ஏறத் தொடங்கும். உடம்பு தேறியும் மனசு தேறவில்லை என்றால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

உங்களை நீங்களே கேட்டுப் பார்க்க இரண்டு கேள்விகள் உண்டு. கடந்த 2 வாரமாக, வழக்கமாகப் பிடித்த காரியங்களில்கூட நாட்டம் இல்லாமல் இருக்கிறதா? மனம் வாடி, எதிலும் நம்பிக்கையில்லாமல் இருக்கிறதா? பாதி நாட்களுக்கு மேல் ஆமாம் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். “மாத்திரை ஒழுங்கா போடறேன் சார், ஆனா மனசு சரியில்ல” என்று சொன்னால் போதும், விளக்கம் எதுவும் தேவையில்லை.

தமிழ்நாட்டில் 2022இலிருந்து காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோய் கண்டுபிடித்ததும் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பதெல்லாம் பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். நல்ல காரியம், பல உயிர்களைப் பிடித்து வைத்த காரியம். அந்தப் பட்டியலோடு மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் எல்லா இடத்திலும் சேர்த்துக் கேட்டால் என்ன என்பது என் எண்ணம். மனசு விட்டவர்தான் மாத்திரையை முதலில் விடுகிறார். மாத்திரை விட்டுவிட்டுப் போட்டால் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறக்கூடும்.

மாத்திரையாலேயே மனசு கெடுமா?

சிலருக்கு, சில மருந்துகளால், ஆகும். ஐசோனியசிட் எல்லாருக்கும் கொடுக்கிற மருந்து. அபூர்வமாக ஒருசிலருக்கு அதனால் குழப்பம், பிதற்றல், குணமாற்றம் வருவதுண்டு. கை கால் எரிச்சல், மதமதப்பு அதைவிட அதிகம் பார்ப்பது. அதற்காகத்தான் கூடவே பி6 வைட்டமின் தருகிறார்கள். மருந்துக்கு மசியாத டிபிக்குக் கொடுக்கும் சைக்ளோசெரின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கடும் மனச்சோர்வு, இல்லாத குரல் கேட்பது, உயிர்மேல் வெறுப்பு எல்லாம் அந்த மருந்தால் வரலாம். “பேய் புடிச்சிருக்கு” என்று எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ அவருக்கு வழி இருக்கிறது. நீங்களாக எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

தலைகீழாக நடந்த கதையும் ஒன்று உண்டு. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனையில், ஐசோனியசிட்டின் தாயாதி போன்ற இப்ரோனியசிட் என்ற மருந்தைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்று அப்படித்தான் டிபி வார்டிலிருந்து வந்தது. கல்லீரலைக் கெடுத்ததால் பிறகு அதைக் கைவிட்டார்கள்.

மனநல டாக்டர் எழுதித் தர்ற மாத்திரையும் இதையும் சேத்துப் போடலாமா?

போடலாம், பலர் போடுகிறார்கள். ஆனால் இரண்டு டாக்டருக்கும் இரண்டு சீட்டையும் காட்டியாக வேண்டும். டிபி மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் மற்ற பல மருந்துகளின் வேகத்தைக் குறைத்துவிடும். கருத்தடை மாத்திரையும் அதில் சேர்த்தி. மருந்துக்கு மசியாத டிபிக்காக லினசோலிட் போடுகிறவர்களுக்குச் சில மனச்சோர்வு மருந்துகள் ஆகவே ஆகாது. “மனநல டாக்டர்கிட்ட போனத மத்த டாக்டர்கிட்ட ஏன் சொல்லணும்” என்று மறைப்பதுதான் ஆபத்து.

சூரை மீன் குழம்பு சாப்ட்டேன். மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, செத்தேன்னு நெனச்சேன். பயத்துலதான் இப்படி ஆகுதுங்கறாங்க.

பயத்தால் மட்டும் என்று முடிவு கட்டாதீர்கள். ஐசோனியசிட் போடுகிறவர்களுக்குச் சூரை, அயிலை மாதிரி மீன்கள், அதிலும் சரியாக ஐஸ் வைக்காதவை, முகம் சிவந்து தலைவலியும் படபடப்பும் தரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரைப்பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். மருந்து முடியும் வரை அந்த மீனை விட்டுவிடுங்கள், வேறு மீன் சாப்பிடுங்கள். மூச்சு இழுத்தாலோ மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பார்த்து ரத்தம் என்று நடுங்கியவர்களும் நிறையப் பேர். அது ரிஃபாம்பிசினின் நிறம். ஒன்றும் செய்யாது. கண் மஞ்சளானால், சாப்பிட்டதெல்லாம் வாந்தியானால், பார்வை மங்கினால்தான் ஓட வேண்டும்.

நடவு ஆள்ல என்னைய சேத்துக்க மாட்டேங்கறாங்க.

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். குறுவைக்கும் சம்பாவுக்கும் நடவுக் கூட்டத்தில் ஒருத்தியாக இறங்கினால்தான் கையில் காசு. அங்கே நடப்பது இதுதான்: வரப்பில் எல்லாருக்கும் ஒரே சொம்பு போகும். இவள் முறை வரும்போது சொம்பு கைமாறாது. ஒருத்தி எட்ட நின்று உயரத் தூக்கி ஊற்ற, இவள் இரண்டு கையையும் குவித்துக் குடிக்க வேண்டும். யாரும் திட்டுவதில்லை, ஏன், சிரித்துக்கொண்டேகூட ஊற்றுவார்கள். அடுத்த நாள் இவள் வேலைக்குப் போக மாட்டாள்.

திறந்த வயலில், காற்றிலும் வெயிலிலும், மருந்து போடுகிற ஒருத்தியிடமிருந்து நோய் தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. இதை நோயாளி சொன்னால் எடுபடாது. கூட்டத்தலைவியிடம் கிராம சுகாதாரச் செவிலியரே நேரில் சொன்னால் எடுபடுகிறது. செவிலியரிடம் இதைக் கேளுங்கள், அவர்கள் வேலையில் இதுவும் சேர்ந்ததுதான். ஆனால் ஊருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் மட்டும், அதுவும் உங்கள் சம்மதத்தோடு. உடம்பு தாங்குமா என்பது வேறு விஷயம். முதல் இரண்டு மாதம் குனிந்து நடுகிற வேலை பலருக்கு முடியாது. அந்த இரண்டு மாதத்தை எப்படி ஓட்டுவது என்ற கவலைதான் பல பேருக்கு மனச்சோர்வின் பாதி.

கவர்ன்மெண்ட் பணம் எவ்ளோ வரும்?

ஊட்டச்சத்துக்காக மாதம் 1000 ரூபாய், சிகிச்சை முடியும் வரை, வங்கிக் கணக்கில். 2018 ஏப்ரலில் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆனது. கணக்கு எண்ணும் ஆதாரும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். விசாரிக்க, அரசின் காசநோய்த் திட்டமான நிக்‌ஷயின் இலவச எண் 1800-11-6666.

முட்டை, பயறு, நிலக்கடலை, மீன் வாங்குங்கள். ஹெல்த் டிரிங்க் டப்பாவில் அந்தக் காசைக் கொட்டாதீர்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கு நல்ல சாப்பாடு கொடுத்ததாலேயே அவர்களில் புதிதாக டிபி வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. தனித் தட்டு செய்யாத வேலையைத் தட்டில் இருக்கும் சோறும் பருப்பும் செய்கிறது.

சத்துணவுப் பெட்டி குடுக்கறப்ப போட்டோ எடுக்கறாங்க. வேணாம்னா பெட்டி கெடைக்காதோ?

தத்தெடுத்து உணவுப் பெட்டி கொடுக்கும் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. அதில் சேர்வதற்கே நோயாளியின் சம்மதம் வேண்டும். படத்துக்கு நிற்பது நிபந்தனை அல்ல. “பெட்டி வாங்கிக்கறேன், படம் வேணாங்க” என்று சொல்லலாம். கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பருப்பும் எண்ணெயும் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் முகத்தை வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்க அனுப்புவது தர்மத்தில் சேராது. அவளுக்குக் கல்யாணமாகாத மகள் இருக்கலாம்.

ஊருக்குத் தெரியாம மருந்து வாங்க முடியுமா? நர்சம்மா வண்டி வாசல்ல நின்னாலே தெருவே கேக்குது.

முடியும். 2012இலிருந்து டிபி கண்டுபிடித்தால் தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அது சிகிச்சைக்காக. தெருவுக்குச் சொல்வதற்காக அல்ல. வீட்டுக்கு வராமல் துணை சுகாதார நிலையத்திலோ சந்தைக்குப் போகும் வழியிலோ பார்க்கும்படி கேளுங்கள். பெரும்பாலான களப்பணியாளர்கள் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் இந்தச் சங்கடம் தெரியும்.

ஆனால் வீட்டுக்குள்ளேயே மறைப்பது வேறு. அரிசி டிரம்முக்குள் அட்டையைப் புதைத்து வைத்து, மாமியார் குளிக்கப் போகும் நேரம் பார்த்து விழுங்குகிற மருமகள்கள் இருக்கிறார்கள். விருந்தாள் வந்த நாளில் டிரம்மைத் திறக்க முடியாது, அன்றைக்கு மாத்திரை போச்சு. யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். புருஷனோ, அக்காவோ, அடுத்த தெரு சிநேகிதியோ. ஆறு மாதத்தை ஒற்றை ஆளாய் ஒளித்துக் கடப்பது ரொம்பக் கஷ்டம்.

புள்ளைக்குப் பால் குடுக்கலாமா? “பொறந்த வூட்டுக்குப் போ, ஆறு மாசம் கழிச்சு வா”ங்கறாங்க.

கொடுக்கலாம். பாலில் நோய் பரவாது. மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுங்கள், குழந்தையை டாக்டரிடம் காட்டித் தடுப்பு மருந்து கேளுங்கள். கர்ப்பமாக இருந்தாலும் வழக்கமான டிபி மாத்திரைகளைத் தொடரத்தான் வேண்டும்.

பிறந்த வீட்டுக்கு அனுப்புவது பற்றி: அங்கே நல்ல கவனிப்பு கிடைக்கும், நீங்களே போக விரும்புகிறீர்கள் என்றால் போங்கள். உங்களை அனுப்புகிறார்கள் என்றால் குழந்தை யாரிடம் இருக்கும், மாத்திரை எந்த ஆஸ்பத்திரிக்கு மாறும், எந்தத் தேதியில் வந்து அழைத்துப் போவார்கள் என்பதை நாலு பெரியவர்கள் முன்னால் பேசிக்கொண்டு போங்கள். ஆறு மாதம் ஒரு வருஷமாகி, “அது அங்கயே இருக்கட்டும்” என்று ஆன கதைகள் இங்கே குறைவில்லை. மனைவிக்கு வந்தால் அனுப்புகிறார்கள், புருஷனுக்கு வந்தால் மனைவி பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறாள். இதைச் சொன்னால் சில ஆண்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

பொண்ணுக்குக் கல்யாணம் பேசறோம். போன வருஷம் டிபி வந்து குணமாயிடுச்சு. சொல்லணுமா?

நுரையீரல் டிபி வந்து முழுதாகக் குணமானவருக்குக் கல்யாணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ தடையில்லை. பரம்பரை நோயும் இல்லை. கருப்பை, கருக்குழாய் பக்கம் வந்திருந்தால் மட்டும் பிள்ளைப்பேற்றைப் பற்றி மகப்பேறு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொல்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தப் பெண். தரகரிடம் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து, அது ஊருக்கே சொன்ன கணக்கு. மாப்பிள்ளைப் பையனிடம் அவளே பேசிவிடுவது நல்லது. பின்னால் ஒரு சண்டையில் இது ஆயுதமாகக் கூடாது. ஆனால் சொல்லாவிட்டால் அவள் குற்றவாளி என்று நான் நினைக்கவில்லை. டைஃபாய்டு வந்து போனதை யார் ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்?

இன்னும் மாத்திரை நடந்துகொண்டிருக்கிறது என்றால், முடிந்த பிறகு தேதி வையுங்கள். அதற்குக் காரணம் பயமில்லை. கல்யாண அலைச்சலில் மாத்திரை தவறும்.

சவூதிக்கு மெடிக்கல் போனான். நெஞ்சுல பழைய தழும்பு இருக்குன்னு அன்ஃபிட் அடிச்சுட்டாங்க. ரூமை விட்டு வெளியவே வரமாட்டேங்கறான்.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்துக்கு இது தெரிந்த கதை. நோய் எப்போதோ குணமாகியிருக்கும், எக்ஸ்ரேயில் தழும்பு மட்டும் மிச்சம். கிருமி இல்லை என்று சளிப் பரிசோதனை சொன்னாலும் வளைகுடா விசாவுக்கான பரிசோதனையில் தழும்பைப் பார்த்தே தள்ளிவிடுகிறார்கள். அநியாயம்தான், ஆனால் விதியை வைத்திருப்பது அந்த நாடுகள். “தழும்பை அழிச்சுத் தர்றேன்”, “வேற எக்ஸ்ரே வெச்சுத் தர்றேன்” என்று ஏஜெண்ட் கேட்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள். தழும்பை அழிக்கும் மருந்து கிடையாது.

பையனிடம் இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். அவன் நோயாளி இல்லை. போக முடியாமல் போனது வேலைக் கதவு ஒன்று. விசாவுக்கு வாங்கிய கடன் தலைமேல் இருக்கும், அதைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுவது ஆறுதல் வார்த்தையைவிட உதவும். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் கெட்டுக் கிடந்தால் மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

டிபி ஏழைக்கும் குடிகாரனுக்கும்தானே வரும்? நாங்க அப்படிப்பட்ட குடும்பம் இல்லையே.

போதாத சாப்பாடு, நெருக்கடி வீடு, சர்க்கரை நோய், குடி, புகை இவை இருந்தால் வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் எல்லாரும் ஒரே காற்றைத்தான் மூச்சு விடுகிறோம்.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த கணித மேதை ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 1917இல் உடம்பு விழுந்து, காசநோயாளியாகவே அவரை சானடோரியம் சானடோரியமாக வைத்திருந்தார்கள். பின்னாளில் அது காசநோய்தானா என்று மருத்துவர்கள் சந்தேகம் எழுப்பியதுண்டு. குளிர், வாய்க்கு ஒவ்வாத சாப்பாடு, பேச ஆளில்லாத தனிமை. 1918இல் உயிரை விடத் துணிந்து, தப்பினார். அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அத்தனை பெரிய மூளையும் மதிப்பும் இருந்தவருக்கே தனிமை அப்படிச் செய்தது. அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர், டேவிட் சௌரி முத்து. மேலே சொன்ன தாம்பரம் சானடோரியத்தைப் பிறகு தொடங்கியவர் அவர்தான்.

குடிய விட முடியல. மாத்திரையும் குடியும் சேந்தா ஈரல் போயிடும்னு, குடிக்கற அன்னிக்கு மாத்திரை போடறதில்ல.

ஈரலுக்கு ஆபத்து என்பது உண்மை. ஆனால் நீங்கள் செய்வது இரண்டு பக்கமும் நட்டம். டாக்டரிடம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையில் ஈரலைக் கவனித்துக்கொண்டே சிகிச்சை தருவார்கள். தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். அதற்கும் மருந்து உண்டு, ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்துவது நல்லது. கூட்டாளிகள் டீக்கடையில் ஒதுக்கும்போது டாஸ்மாக் மட்டும் ஒதுக்குவதில்லை. அங்கே போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை வீட்டார் யோசிக்க வேண்டும்.

நாகூருக்கு, வேளாங்கண்ணிக்கு நேந்துக்கலாமா? தாயத்து கட்டலாமா?

தாராளமாக. மாத்திரை அட்டையைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

செத்துடலாம்போல இருக்கு.

இதை யாரிடமாவது இன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற இலவச மனநல எண், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். 104க்கும் பேசலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, டிபி சீட்டைக் காட்டிக் கேளுங்கள். புது மாத்திரை தொடங்கிய பிறகு இந்த எண்ணம் வந்தது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வீட்டாருக்கு: அவர் இப்படிச் சொன்னால் “அசடு மாதிரி பேசாத” என்று வாயை அடைக்காதீர்கள். எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது என்று கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வளராது. விவசாய வீடு என்றால் பூச்சிமருந்தை இன்றைக்கே வீட்டைவிட்டு அகற்றுங்கள், அல்லது வேறு ஆளிடம் சாவி இருக்கும்படி பூட்டுங்கள். அந்த ஒரு நாளை அவரைத் தனியே விடாமல் கடப்பது முக்கியம்.

புருஷனுக்கு டிபி. பாத்துப் பாத்து நானே ஓஞ்சுட்டேன். இத வெளிய சொன்னா பாவமோ?

பாவம் இல்லை. சமைத்து, வேலைக்குப் போய், மாத்திரையை நினைவுபடுத்தி, அவர் எரிச்சலையும் வாங்கிக்கொள்கிறவருக்கு ஓய்ச்சல் வரத்தான் செய்யும். மாத்திரை போடவைக்கும் பொறுப்பை வாரத்தில் இரண்டு நாள் மகனிடமோ கொழுந்தனிடமோ கொடுங்கள். மேலே சொன்ன 14416 உங்களுக்கும்தான். உங்களுக்கு இருமல் வந்தால் “அவருக்கு முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஆறு மாசம் முடிஞ்சுது, கிருமி இல்லன்னுட்டாங்க. ஆனா ஏறி எறங்குனா மூச்சு வாங்குது. ராத்திரி ஒரு இருமல் வந்தாலும் திரும்பிடுச்சோன்னு தூக்கம் போயிடுது.

நுரையீரலில் வடு விழுந்தவர்களுக்குக் குணமான பிறகும் மூச்சு வாங்குவது இருக்கும். அது கிருமி திரும்பியதாக ஆகாது. மூச்சுப்பயிற்சி, தேவைப்பட்டால் இன்ஹேலர் இவற்றால் நிறையக் குறையும். நெஞ்சுநோய்ப் பிரிவில் கேளுங்கள். பீடி சிகரெட்டை அடியோடு விட வேண்டும். அறுவடைக் காலத்தில் களத்துத் தூசியும் ரைஸ்மில் தவிட்டுத் தூசியும் இருமலைக் கிளப்பும், அங்கே மூக்கில் துண்டு கட்டுங்கள்.

திரும்ப வருவதும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் முடிந்த பிறகு 2 வருஷத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்கிறார்கள். மாத்திரை முடிந்ததும் பலர் அந்தப் பக்கமே போவதில்லை, ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே பழைய நாள் நினைவு வருகிறது என்கிறார்கள். துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டாவது போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் சளியைக் கொடுத்துவிடுங்கள். அதுவரை ஒவ்வொரு இருமலுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியதில்லை.